அகலப் பத்தியில் நான் போட்ட எண்கள்

பினாங்கில் பத்து காவான் தொழிற்பேட்டைக்குக் காலை எட்டு மணிக்குமேல் போனால் கார் நிறுத்த இடம் கிடைக்காது, மோகனா மேடம். அதனால் ஏழரைக்கே தொழிற்சாலைக்குள் நுழைந்துவிடுவேன். நாசி லெமாக் பொட்டலத்தைப் பிரித்துச் சாவகாசமாகச் சாப்பிட்டுவிட்டுத்தான் இந்தச் சாதிக் வேலையைத் தொடுவான் என்று எங்கள் பிரிவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

வேலை எளிதுதான். நாங்கள் செய்யும் வைஃபை பெட்டி எவ்வளவு சக்தியோடு சிக்னல் அனுப்பலாம் என்பதற்கு ஓர் அட்டவணை உண்டு; அதை நிரப்புவது நான். ஒவ்வொரு சேனலுக்கும் இருபது மெகாஹெர்ட்ஸ் அகலத்துக்கு ஒரு பத்தியில் உச்ச எண், நாற்பதுக்கு இன்னொரு பத்தியில். ஜெலுத்தோங் சந்தில் மோட்டார் சைக்கிள் பறக்கலாம். லாரி அதே வேகத்தில் போனால் சுவரை உரசும்; நாற்பது என்பது லாரி. ஓரத்துச் சேனல்களில் நாற்பதுக்குச் சக்தியைக் குறைக்காவிட்டால் அது பக்கத்து அலைவரிசையில் சிந்தும்.

குறைத்தாலோ, சமையலறைக்குச் சிக்னல் எட்டவில்லை என்று வாங்கியவர்கள் திட்டுகிறார்கள். என் பெட்டியை யாராவது திட்டினால் எனக்குச் சோறு இறங்காது. குறைக்காமல் விட்டால் என்ன என்று, சோதனைப் பகுதியில் இருக்கும் குணாளனிடம் கேட்டேன்.

“வேணாம்லா அண்ணே. நாற்பதுல ஓரம் பயங்கரமா சிந்துது. பாஸ் ஆகாது.”

தங்கமான ஆள். அவன் பேச்சை மதித்து, சான்றிதழுக்குப் போன பெட்டிகளில் குறைந்த எண்களையே வைத்தேன். கடைக்குப் போகும் பெட்டிகளில்தான் கூட்டினேன். நான் எண்களை மாற்றிய அன்று அவனும் சீக்கிரம் வந்து, கணினியைத் திறந்தபடி விட்டுவிட்டு கேன்டீனுக்குப் போயிருந்தான். எண்கள் எழுதிய தாள் என் சட்டைப்பையில் இருந்தது. அவன் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன்; எழுந்து என் மேசைக்குப் போகச் சோம்பலாக இருந்ததால், அவன் பெயரிலேயே ஏற்றிவிட்டேன். நாற்பதாயிரம் பெட்டிகள் போயின. சிக்னல் பற்றி அப்புறம் ஒரு புகார் கிடையாது.

குணாளனின் அக்கா ஷர்மினி டத்தோ கிராமாட்டில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இருந்தார். விபத்துக்குப் பிறகு வலது கட்டைவிரல் மட்டும்தான் அசையும். தொண்டையில் குழாய், பேச்சு இல்லை. சளி அடைத்தால் கையோடு கட்டிய கம்பியில்லா அழைப்புப் பொத்தானை அழுத்துவார், நர்ஸ் ஓடிவந்து உறிஞ்சி எடுப்பார். அங்கே வைஃபை மோசம் என்று கேள்விப்பட்டதும் எனக்கு மனசு கேட்கவில்லை. நாலு பெட்டியைச் சும்மாவே கொடுத்தேன். அவர் கட்டிலின் தலைமாட்டில், பொத்தானின் சமிக்ஞையை வாங்கும் கருவிக்குப் பக்கத்தில், என் கையாலேயே ஒன்றை மாட்டினேன். அவர் பார்ப்பதற்காகப் போட்ட படம் தடங்கலில்லாமல் ஓடியது. கண்ணாலேயே நன்றி சொன்னார்.

இரண்டு வாரம் கழித்துக் குணாளன் வந்தான்.

“அண்ணே, அக்கா அமுக்கினா சில நேரம் நர்ஸ் பக்கம் மணி அடிக்க மாட்டேங்குது. நீங்க ஒரு தடவ பாருங்களேன்.”

சனிக்கிழமை தனியாகப் போனேன். பத்து முறை அழுத்தினேன். மூன்று முறைதான் மணி அடித்தது. என் பெட்டியை அணைத்துவிட்டு அழுத்தினேன்; பத்தும் அடித்தது. பொத்தானின் அலைவரிசையில் என் பெட்டி சிந்திக்கொண்டிருந்தது. மறுபடி பெட்டியைப் போட்டேன்.

ஏன் என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. கழற்றினால் காரணம் கேட்பார்கள், அட்டவணையைத் திறப்பார்கள், நாற்பதாயிரம் வீட்டிலும் சிக்னல் போய்விடும். பத்துக்கு மூன்று அடிக்கிறதே, அது போதாதா?

“பேட்டரி வீக்கா இருந்துச்சுக்கா, மாத்திட்டேன். அடிக்கலன்னா விடாம திரும்பத் திரும்ப அமுக்குங்க,” என்று பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தேன். நான் அணைத்ததையும் போட்டதையும் அவர் படுத்தபடி பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பாவம், யாரிடம் சொல்வார்.

அடுத்த வியாழக்கிழமை மதியம் மூச்சடைத்துப் போய்விட்டார். பதினெட்டு முறை அழுத்தியதாகப் பொத்தானின் நினைவகத்தில் பதிவாகியிருந்தது. சொல்லிக்கொடுத்தபடியே செய்திருக்கிறார். குணாளன் என் தோளில் சாய்ந்து அழுதான். எனக்கும் கண் கலங்கியது, பொய்யில்லை.

பிறகு விசாரணைக்கு நீங்கள் வந்து அட்டவணையைத் திறந்தீர்கள். எண்களை மாற்றியவர் என்று அதில் குணாளன் பெயர் இருந்தது. அவன் என்னிடம் ஓடிவந்தான்.

“மாத்துன ஞாபகமே இல்லண்ணே. நான்தான் அக்காவக் கொன்னுட்டேனா?”

“மனுஷன்தானே தம்பி. வேலை அவசரத்துல நடந்திருக்கும்,” என்று தேற்றினேன். அதன்பிறகு அவன் எதையும் மறுக்கவில்லை; நீங்கள் நீட்டிய தாளில் கையெழுத்தும் போட்டான். விஷயம் அதோடு முடிந்திருக்கும்.

நேற்று உங்கள் அறிக்கையைப் படித்தேன். ‘இருபதின் எண்கள் கவனக்குறைவாக நாற்பதின் பத்தியில் ஒட்டப்பட்டுள்ளன’ என்று மூன்றாம் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, மேடம். யாரும் எதையும் ஒட்டவில்லை. ஒவ்வொரு சேனலையும் நானே தனித்தனியாக அளந்து, பார்த்துப் பார்த்துப் போட்ட எண்கள் அவை. என் பெயரை எங்கே வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். ‘கவனக்குறைவு’ என்ற சொல்லை மட்டும் அடித்துவிடுங்கள்.