ஈரப் பல்லின் நிறம்

உங்கள் முன்பல்லில் இருக்கும் அடைப்பை யாரோ அவசரத்தில் வைத்திருக்கிறார்கள், அம்மா. பக்கத்துப் பல்லைவிட ஒரு படி வெளுப்பு. விசாரிக்கக் கூப்பிட்ட இடத்தில் இதைச் சொல்கிறானே என்று நினைக்காதீர்கள். இந்த மனீசாலெஸ் ஊரில் இத்தனை வருஷம் பல் வைத்தியம் பார்த்தவனுக்குக் கண் அங்கேதான் போகும்.

பல்லை யார் வேண்டுமானாலும் அடைத்துவிடலாம். நிறம் சேர்ப்பதுதான் கஷ்டம். வேலையைத் தொடங்குமுன், பல் எச்சில் ஈரத்தோடு இருக்கும்போதே, ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்து முடிவு செய்துவிட வேண்டும். வாய் திறந்தே இருந்தால் பல் காய்ந்து வெளுத்துவிடும். கற்றுக்குட்டிகள் அந்தக் காய்ந்த பல்லுக்கு நிறம் எடுப்பார்கள். மறுநாள் பல் பழைய நிறத்துக்குத் திரும்பிவிடும், அடைப்பு மட்டும் சுண்ணாம்பு அப்பியது மாதிரி தெரியும். அப்படி ஒரு வேலை என் கிளினிக்கிலிருந்து வெளியே போனதில்லை.

லுசெலி என்னிடம் வேலை பார்த்தவள். நோயாளிகளுக்கு நேரம் குறித்துக் கொடுப்பாள். என் மகன் துவானைக் கட்டிக்கொண்ட பிறகு நின்றுவிட்டாள். நிற்கச் சொன்னவன் அவன்தான். கொஞ்ச நாளில் முன்பல் உடைந்து வந்தாள். குளியலறையில் வழுக்கிவிட்டாள் என்றான் துவான். அடுத்த முறை கதவு இடித்தது. அதற்கப்புறம் அவன் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. உதடு வீங்கியிருந்தால் நிறம் பார்ப்பது சிரமம் என்பதால், வீக்கம் வடிந்த பிறகு கூட்டிவரச் சொன்னேன். அப்படியே செய்தான். பெரியவர்கள் பேச்சைத் தட்டாத பிள்ளை.

அவள் சிரித்தால் ஊரே அழகு என்றது. எனக்குப் பெருமையாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன்.

போன டிசம்பரில், கிறிஸ்துமஸுக்கு முந்தைய ஒன்பது நாள் ஜெபம் தொடங்க இருந்தபோது மறுபடி கூட்டிவந்தான். அவளுடைய அக்கா மார்லெனி பெரெய்ராவிலிருந்து வருகிறாளாம். மார்லெனியும் ஒரு பல் டாக்டரிடம் உதவிக்கு இருப்பவள். அதற்குள் பல் சரியாக வேண்டும் என்றான். என்னிடம் விட்டுவிட்டு, காரை நிறுத்த இடம் தேடிப் போனான்.

லுசெலி என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"மாமா, பல்ல நல்லா காயவெச்சுட்டு அப்புறம் நிறம் பாருங்க."

"ஏம்மா, இங்க இருந்த பொண்ணு பேசுற பேச்சா இது? கலர் மாறிப்போயிடும்."

"தெரியும் மாமா. உங்க பிள்ளைக்கு வித்தியாசம் தெரியாது. அக்கா பாத்ததும் கண்டுபிடிச்சிருவா. போனையும் புடுங்கி வெச்சுக்கிட்டாரு, தனியா ஒரு வார்த்தை பேச விடமாட்டாரு. பல்லு உடைஞ்சிருக்குன்னு தெரிஞ்சா அக்கா என்னை விட்டுட்டுப் போகமாட்டா. அவகூடப் போயிடறேன் மாமா."

சரிம்மா, வாயைத் திற என்றேன்.

ஜன்னல் திரையை விலக்கினேன். அவளுடைய உதட்டுச் சாயத்தைத் துடைத்தேன். பல்லை நனைத்தேன். அடைப்புப் பசையில் ஒரு துளியை அதன்மேல் வைத்து, விளக்கொளி காட்டி இறுகவைத்து நிறம் பார்த்தேன். கண் களைக்காமலிருக்க இடையிடையே நீலத் துணியைப் பார்த்துக்கொண்டேன். ஈறுப் பக்கம் ஒரு நிறம், நுனிக்கு ஒரு நிறம். அதைவிட நல்ல வேலை நான் செய்ததில்லை.

கண்ணாடியைக் கொடுத்தேன். வேலை முடிவதற்குள் காய்ந்துபோன பல்லுக்குப் பக்கத்தில் அடைப்பு சற்று மங்கலாகத் தெரிந்தது. அப்படித் தெரிந்தால் நாளைக்கு இரண்டும் ஒன்றாகிவிடும் என்பது அவளுக்குத் தெரியும். கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்தாள். கண் கலங்கியிருந்தது. நான் கையுறையைக் கழற்றிப் போட்டேன்.

மத்தியானம் சாப்பிடும்போது துவானிடம் சொல்லிவிட்டேன். கட்டியவள் மனதில் இருப்பது புருஷனுக்குத் தெரிய வேண்டாமா? அவன் கரண்டியைக் கீழே வைத்த விதத்திலேயே என்ன செய்யப் போகிறான் என்று புரிந்துவிட்டது. முப்பத்தைந்து வருஷமாகப் பார்க்கிற கை.

"முகத்துல மட்டும் கை வைக்காதேடா. இப்பத்தான் வேலைய முடிச்சிருக்கேன்" என்றேன்.

வயிற்றில் அடிபட்டு உள்ளே ரத்தம் கசிந்து, மறுநாள் விடியுமுன் போய்விட்டாள். மாடிப்படியில் உருண்டாள் என்று எல்லோருக்கும் சொன்னவன் நான்தான். ஜெபத்துக்கு வந்த மார்லெனி சவப்பெட்டியில் குனிந்து தங்கையின் லேசாகத் திறந்திருந்த வாயையே வெகுநேரம் பார்த்தாள். அவளுக்கும் ஒன்றும் தெரியவில்லை.

செத்தவள் முகத்தில் ஒரு கீறல்கூட இல்லை என்று உங்கள் டாக்டர் எழுதியிருக்கிறாராமே. அந்த மட்டுக்கும் அவளைக் காப்பாற்றியவன் நான்தான், அம்மா.