டோர்கஸ் அம்மையாரும் இருநூற்றுப் பதினோரு ஓநாய்மீன்களும்

பனிப்பாறை மிதக்கும் கடலில் பணியே பெரிதெனக் கொண்டவரே! நியூஃபவுண்ட்லாந்தின் வடகரையில், முப்பத்தோராண்டுகள் மீன் ஆய்வுப் படகில் எங்களோடு குளிர்ந்து, குலுங்கி, குமட்டி, ஒருநாளும் முகம் கோணாது, இன்று பணி ஓய்வு பெறும் டோர்கஸ் பார்ஃபிட் அம்மையாரே! வணக்கம்.

வலையில் சிக்கிய ஓநாய்மீன் வாயில் பட்டதையெல்லாம் கடிக்கும், பூட்ஸையும் விடாது. முன்பெல்லாம் தலையில் ஓர் அடி, அத்தோடு சரி. அருகிவரும் இனம், உயிரோடு விட வேண்டும் என்று விதி வந்த பிறகும் எங்கள் கை அடியை மறக்கவில்லை. துடைப்பக் கழியைக் கடிக்கக் கொடுத்து, அது கவ்வியிருக்கும்போதே வலையை விலக்கி, முதுகில் எண்ணிட்ட மஞ்சள் அடையாளச் சீட்டுப் பொருத்தி, கடலில் இறக்கும் வித்தையைக் கற்பித்த வித்தகர் நீங்கள். படகில் துடைப்பம் தங்கவில்லை, கடலில் மீன் தங்கியது.

"விட்டாலும் செத்துத்தான் போகும். எதுக்கும்மா வீணா மெனக்கெடுறே?" என்றார் படகுத் தலைவர் ஆம்ப்ரோஸ் கீப்பிங். "செத்ததை நீ பாத்தியா? நானும் பாக்கல. அதுவரைக்கும் கழியைப் பிடி" என்றீர்கள். சீட்டு மாட்டி விட்டவை இருநூற்றுப் பதினொன்று. மறுபடி வலைக்கு வந்தது ஒன்றுகூட இல்லை. விட்ட மீன் பிழைப்பதற்குச் சான்றில்லையென்றால் விதியைத் தளர்த்திவிட, அடுத்த மாதம் மீன்வளத் துறைக் குழு கூடுகிறது; சாட்சி சொல்ல உங்களையும் அழைத்திருக்கிறது. "வெறுங்கையோட போய் என்னத்தச் சொல்றது" என்று நேற்று பட்டாணிச் சூப்பை ஆறவிட்டு உட்கார்ந்திருந்தீர்கள்.

நோயற்று, நூறாண்டு, கால் நனையாமல் வாழ்க!

அன்புடன்,
படகினர் ஒன்பது பேர்

மடல் இங்கே முடிந்து சட்டமும் போட்டாயிற்று. அதைக் கழற்றிக் கீழே பேனாவால் எழுதுகிறோம், கையெழுத்தைப் பொறுத்தருள்க. இன்று காலை நீங்கள் அலுவலகத்தில் சாவிகளை ஒப்படைத்துக்கொண்டிருந்தபோது வலையில் ஒரு புள்ளி ஓநாய்மீன் வந்தது. முதுகில் பாசி படிந்த சீட்டு. சுரண்டினோம். எண் எண்பத்தேழு! ஒன்பதாண்டுக்கு முன் நீங்கள் விட்டபோது ஐம்பத்திரண்டு சென்டிமீட்டர், இன்று எண்பத்தெட்டு! "அடியே, உசுரோடதான் இருக்கியா!" என்று ஆம்ப்ரோஸ் மண்டியிட்டுவிட்டார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கடல் தண்ணிடா" என்று எங்களிடம் பொய் சொன்னார். இதை வாசிக்கும் அவர் குரல் நடுங்கினால் காரணம் அதுதான்.

படமெடுத்து, அளந்து, கடலிலேயே விட்டுவிட்டோம். வாங்கிவைத்த கைக்கடிகாரம் ஒருபுறம் இருக்கட்டும்; மேசைமேல் துணியால் மூடியிருப்பது இன்று காலை எண்பத்தேழு கவ்விய துடைப்பக் கழி. பல் தடத்தில் இன்னும் ஈரம் காயவில்லை. அடுத்த மாதம் அதைப் பிடித்துக்கொண்டு போங்கள் அம்மா.