அந்தோணிசாமி பனியாறு

1999 மார்ச், இரண்டாவது வெள்ளிக்கிழமை. சான் ஹோசேயில் டிரைவிங் லைசென்ஸ் அலுவலகத்தில் எனக்கு முன் நாற்காலிகளில் ஒரு தமிழ்த் தம்பதி. கணவர் கையில் பெயர் மாற்றத்துக்கான படிவம்.

"செல்வராஜ் பேர்ல அண்டார்டிகாவுல ஒரு கிளேசியராம். என் பேர்ல ஒரு ஸ்பீடு பிரேக்கர்கூட இல்ல."

"காலேஜ் முடிச்சு இத்தனை வருஷமாச்சு. இன்னுமா வயிறு எரியுது?"

"அவனுக்கு மேத்ஸ் சொல்லிக் குடுத்ததே நான்தான். ரெண்டு சீசன் போய் ஐஸை அளந்துட்டு வந்தான், மேப்ல ஏத்திட்டாங்க."

"மேப்ல என்னன்னு போட்டிருக்கு?"

"அந்தோணிசாமி கிளேசியர். லாஸ்ட் நேம்தான போடுவாங்க."

"அப்போ அது அவர் பேரே இல்லையே. அவங்க அப்பா பேரு."

கணவர் சத்தமாகச் சிரித்தார். "ஆமால்ல. தூத்துக்குடி உப்பளத்துல வேலை பார்த்த மனுஷன். ஐஸ் மலையை எங்க பாத்திருப்பாரு?" சிரிப்பு மெல்ல நின்றது. "மேப் இருக்கற வரைக்கும் அவர் பேரு இருக்கும், இல்ல?"

"உங்க அப்பா பேரும் நல்ல பேருதான். ஆபீஸ்ல யார் வாயிலயும் நுழையலன்னு சூசைமாணிக்கத்தை மேனின்னு வெட்டினது யாரு?"

"திரும்ப மாத்த முடியுமா?"

"சிட்டிசன்ஷிப் பேப்பரே அப்படித்தான வந்திருக்கு. நீங்க கேட்டு வாங்கினது."

அவர் படிவத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கவுண்டரிலிருந்த பெண், "மிஸ்டர் மேனி" என்று கூப்பிட்டாள். மூன்றாவது முறை கூப்பிட்டபோது, மனைவிதான் அவர் தோளைத் தொட்டு எழுப்பினார்.