சுவத்துல ஒட்டிவச்ச ஹெட்மாஸ்டர்

…சிரிங்க தம்பி, நல்லாச் சிரிங்க! ஸ்கூலே சிரிச்சுட்டு பஸ் ஏறிப் போயாச்சு, நீங்க ஒருத்தர் சிரிச்சு எனக்கு என்ன குறைஞ்சுடப் போகுது? சிரிச்சுக்கிட்டே அந்த மேசை மேல கத்திரி ஏதாவது கிடக்குதான்னு பாருங்க. இல்லையா? மார்வின் கையோட கொண்டு போயிட்டானா! இங்க கூட்டிப் பெருக்கி, குழாய் ரிப்பேர் பாக்குறதெல்லாம் அவன்தான். "பிளேடு எடுத்துட்டு ஓடியாறேன் சார்"னு போனான். போனவன் போனவன்தான். பஸ் பக்கம் ஏதாவது புள்ள வாந்தி எடுத்திருக்கும், மாப்பும் கையுமா நிப்பான்.

நீங்க பாலு கொண்டு வந்தவருதானே? ஐஸ்பெட்டியப் பாத்தாலே தெரியுதே. சமையக்கட்டு பூட்டியாச்சு தம்பி, இறக்கி வச்சுட்டு உக்காருங்க. நான்தான் ஹெட்மாஸ்டர், டுவேன் ஹாஸ்டெட்லர். கை குடுக்க முடியல, கோவிச்சுக்காதீங்க. இடது கை எங்க இருக்குன்னே தெரியல எனக்கு.

ஏன் இப்படிச் சுவத்துல டேப்பு ஒட்டித் தொங்குறேன்னு கேக்குறீங்க. கேக்கலையா? பரவாயில்ல, சொல்றேன். நம்ம அயோவா மாநிலம் பூரா இதே கூத்துதான். ஸ்கூலுக்கு ஊஞ்சல் வேணும், பாட்டு க்ளாஸுக்கு மேளம் வேணும், அரசாங்கம் குடுக்கிற காசு சுண்ணாம்பு அடிக்கக்கூடப் பத்தாது. உடனே நிதி திரட்டித் தர்ற கம்பெனிக்காரன் வந்து நிப்பான். ஒருத்தன் மெழுகுவத்தி, ஒருத்தன் பரிசு சுத்துற காகிதம், ஒருத்தன் பாப்கார்ன். எங்களுக்கு வாச்சது குக்கி மாவு, வீட்டுல பிஸ்கட்டு சுடுற மாவு. டப்பா டப்பாவா, ஐஸு மாதிரி விறைச்சுப்போன மாவு! புள்ளைங்க வீடு வீடாப் போய் விக்கணும், பாதி காசு கம்பெனிக்கு, பாதி எங்களுக்கு.

என் வீட்டு ஃப்ரீசரைத் திறந்தீங்கன்னா மாவு தம்பி, மாவுதான்! வாசல்ல எந்தப் புள்ள வந்து நின்னாலும் ஹெட்மாஸ்டரு வாங்கலைன்னா நல்லா இருக்குமா? என் பொண்டாட்டி நல்லவ. இருந்தாலும் போன வாரம் சொன்னா, "இன்னொரு டப்பா உள்ள வந்துச்சுன்னா, நீங்க வெளிய போயிடுவீங்க"ன்னு.

அதுகூடத் தாங்கிக்கலாம். அந்தப் பரிசு இருக்கே… அத நெனச்சாத்தான் வயிறு எரியுது. அதிகமா வித்த புள்ளைங்களுக்கு லிமோசின் சவாரி! இவ்வளவு நீளத்துக்கு வெள்ளைக் காரு வாசல்ல வந்து நிக்கும், அதுல ஏத்தி பீட்சா திங்கக் கூட்டிட்டுப் போவாங்க. யாரு போவா? வருஷா வருஷம் அதே மூணு புள்ளைங்க. அப்பனுக்குப் பெரிய ஆபீஸு, கீழ வேல பாக்குறவன்லாம் தலையெழுத்தேன்னு வாங்குவான். போன வருஷம் டெஸ்ஸான்னு ஒரு சின்னப் பொண்ணு. அவ அம்மா பன்னிக்கறித் தொழிற்சாலையில ராத்திரி ஷிஃப்டு. ஒரே ஒரு டப்பா வித்தா, அதையும் அவ அம்மாவே வாங்கினா. அந்தக் காரு கிளம்புறப்ப ஜன்னல்ல மூக்க ஒட்டிக்கிட்டு நின்னா பாருங்க… நானும் ஒரு ஹெட்மாஸ்டரான்னு இருந்துச்சு.

அதான் இந்த வருஷம் ஒரே போடாப் போட்டேன். காரும் வேணாம் பீட்சாவும் வேணாம், நெனச்ச தொகை வந்துட்டா என்னையே சுவத்துல ஒட்டுங்கடான்னுட்டேன். வித்தவன், விக்காதவன் எல்லாருக்கும் ஆளுக்கு ஒரு துண்டு டேப்பு. எப்படியும் தொகை வராதுங்கிற தைரியம்தான்! வந்துடுச்சே தம்பி! என்னை ஒட்டுறதுன்னா ஊரே மாவு வாங்குது. டெஸ்ஸா ஒட்டினது இதோ, தாடைக்குக் கீழ. பேச்ச நிறுத்தணும்னு வாயில ஒட்டத்தான் பாத்தா, எட்டல. கடைசியில காலுக்குக் கீழ இருந்த நாற்காலிய உருவினாங்க பாருங்க, விழல! ஒரே ஆரவாரம். எனக்கே பெருமையாத்தான் இருந்துச்சு.

ஆனா வினையே அங்கதான். இப்ப பெற்றோர் சங்கக் கூட்டம் நடக்குது, அடுத்த வருஷத்துக்கு எந்தக் கம்பெனின்னு. சங்கத் தலைவி லோரெட்டா ப்ரெனமன் என்ன சொல்லுது? "பாத்தீங்களா, குக்கி மாவு எப்படி வித்துச்சு! மூணு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடுவோம்." அடுத்த வருஷம் என்னை நவம்பர் குளிர்ல கூரை மேல படுக்க வைக்கிறதா கம்பெனிக்காரன் யோசனை வேற குடுத்திருக்கான்! இன்னொரு கம்பெனி இருக்கு, நல்ல கம்பெனி. ஒண்ணும் விக்க வேணாம். எல்லாப் புள்ளையும் மைதானத்தச் சுத்தி ஓடும், ஊர்க்காரங்க முடிஞ்சதக் குடுப்பாங்க. டெஸ்ஸா ஓடினா முயலு தோத்துடும்! கமிட்டியில இந்தப் பக்கம் பாதி, அந்தப் பக்கம் பாதி. என் ஓட்டுலதான் முடியணும். நான் போகலைன்னா லோரெட்டா நெனச்சதுதான். அந்தம்மா இருக்கே, உருளைக்கிழங்கு வேகவச்சு எடுத்துட்டு வந்தாகூட அதுக்கும் ஒரு தீர்மானம் போடும்…

ஐயோ, போனு! என் பேன்ட்டு பாக்கெட்டுல தம்பி! லோரெட்டாதான், தேடுறாங்க. எடுங்களேன்… எங்க எடுப்பீங்க, அதுக்கு மேல ரெண்டாங் க்ளாஸே ஒட்டியிருக்கு. அடிச்சு அடிச்சு நின்னுபோச்சு.

என்ன அது, குக்கியா? எனக்கா? வாயிலயே குடுத்துடுங்க, கையில்ல. ம்ம்… ம்ம்ம்! அடேயப்பா, ஓரம் மொறுமொறுன்னு, நடுவுல பஞ்சு! வீட்டுல செஞ்சதா? பெட்டியில இருந்தா? பால்பெட்டியில எப்படி… கொஞ்சம் இந்தப் பக்கம் திருப்புங்க பெட்டிய. மூடியில என்ன எழுதியிருக்கு?

அட கடவுளே. குக்கி மாவுக் கம்பெனியா நீங்க! கூட்டத்துக்கு வந்தவரா! ஒரு வார்த்த சொல்லக் கூடாதா? சொல்ல வந்தீங்களா? நான்தான் விடலையா… சரி, அதுவும் சரிதான்.

கத்தியா? உங்ககிட்ட கத்தி இருக்கா? இவ்வளவு நேரமும் சட்டைப்பையிலயா! அறுங்க ராசா, அறுங்க! என்னது? "ஆனா"வா? …ஓ. குக்கி மாவுக்கு ஓட்டுப் போடுறேன்னு சொன்னா அறுப்பீங்க.

தம்பி, மூக்கு அரிக்குது எனக்கு. முதுகு விட்டுப் போச்சு. கூரையில படுக்கச் சொன்னாக்கூடப் படுத்துடுவேன், அந்த அளவுக்கு ஆகிப்போச்சு. ஆனா கூரைக் கூத்து ஒரு வருஷம் ஓடும், அப்புறம் திரும்பவும் அந்தக் காரு வரும், அந்தப் பொண்ணு ஜன்னல்ல நிக்கும். முடியாது தம்பி. கத்திய உள்ள வச்சுக்கங்க. நல்லாக் கேட்டுக்கங்க, என் ஓட்டு ஓட்டத்துக்குத்தான்! நான் இங்கயே தொங்கிக்கிறேன், போங்க!

யாரு அது சுவத்தத் தட்டுறது? என் முதுகுக்குப் பின்னாடி… சிரிக்கிறாங்க! ஒரு கூட்டமே சிரிக்குது! லோரெட்டா? நூலகத்துலதானே உங்க கூட்டம்? இல்ல… அங்க புத்தகச் சந்தைன்னு பாட்டு அறைக்கு மாத்தச் சொன்னது நான்தான். நானேதான். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம். எதுலேர்ந்து கேட்டீங்க? முதல்லேர்ந்தா! அப்ப போனு அடிச்சது என் வாய அடைக்கவா? உருளைக்கிழங்கு… அதுவுமா? சும்மா வெளையாட்டுக்குச் சொன்னதும்மா அது!

தம்பி எங்க? ஐஸ்பெட்டியத் தூக்கிட்டு நழுவிட்டாரு.

லோரெட்டா! அப்ப என் ஓட்டு? எழுதிக்கிட்டீங்களா? ஓட்டந்தானா முடிவாச்சு? ஐயா, ஜோரு! ரொம்ப சந்தோசம்! இப்ப யாராவது வந்து என்னை இறக்கி விடுங்க… என்ன? முறைப்படி கூட்டம் முடிஞ்சப்புறமா? இன்னும் எத்தனை தீர்மானம் இருக்கு?

…எல்லாத்தையும் சத்தமாப் படிக்கணுமா?