ஃபிளாஸ்க்குல டீ இல்ல

அய்யய்யோ, அண்ணே, அந்த ஃபிளாஸ்க்கத் தொறந்துடாதீங்க. டீ இல்ல அதுல. உங்களுக்கு டீ வேணும்னா கேன்டீன்ல சொல்லிடறேன், அத மட்டும் அங்கயே வெச்சிடுங்க.

அட, எதுக்கு எழுந்து நிக்கறீங்க? வெடிகுண்டெல்லாம் இல்ல. ஐஸுக்குள்ள ஒரு சின்னக் கண்ணாடி டியூப், அவ்ளோதான். மூடிய இறுக்கி, மேல டேப் சுத்தி, ரெண்டு பை போட்டுக் கட்டியிருக்கேன். நீங்க பாட்டுக்கு ஃப்ரிட்ஜப் பாருங்க.

காலையில வர்றேன், கதவத் தொறக்கறேன், உள்ள லைட்டு எரியுது, சத்தத்தக் காணோம். பின்னாடி காத வெச்சா டிக்குனு ஒரு தடவ சொல்லுது, அப்புறம் கம்முனு ஆயிடுது. இத்தன வருஷமா அது கர்ர்ருன்னு ஓடிட்டு இருந்தது என் காதுலயே விழல பாருங்க. நின்னப்புறம்தான் அப்படி ஒரு சத்தம் கூட இருந்ததே தெரியுது.

கம்ப்ரஸர் போயிருந்தா இன்னிக்கு ஆகாதா? நாளைக்கா? நாளைக்குங்கறது ஆகாதுண்ணே. சாயங்காலம் ஆறு மணி வரைக்கும்தான் எனக்கு நேரம். ஏன்னு சொல்றேன், நீங்க ஸ்க்ரூவக் கழட்டுங்க.

இதுல இருந்ததெல்லாம் பூஞ்சைண்ணே. ஆமா, பழைய பிரெட்டுல புடிக்குமே, அந்த வகையறாதான். ஆனா இதுங்க பிரெட்டுக்கு ஆசப்படாது, ஆளுங்களப் புடிக்கும். நகத்துல, தோல்ல, நுரையீரல்ல. சிலது நேரா மூளைக்கே போயிடும். ஆஸ்பத்திரிங்கள்லேர்ந்து இங்க அனுப்புவாங்க. எந்தப் பூஞ்சை, எந்த மருந்துக்குச் சாகும்னு நாங்க பாத்துச் சொல்லணும். சொன்னப்புறமும் தூக்கிப் போட மாட்டோம். ஆராய்ச்சிக்குன்னு டியூப்ல வெச்சு வளப்போம். வளக்கறவன் நான்தான். ராத்திரிப் பள்ளிக்கூடத்துல கடைசி பெஞ்சுல தூங்கித் தூங்கிப் படிச்சவனுக்கு வேற என்ன குடுப்பாங்க? பழைய டியூப்லேர்ந்து கம்பியால துளியூண்டு எடுத்து, புது டியூப்ல தடவி விடணும். ரெண்டு மூணு மாசத்துக்கு ஒரு தடவ. இல்லன்னா சாப்பாடு தீந்துடும்ல?

என்ன சாப்பாடா? உருளைக்கிழங்கு வேகவெச்ச தண்ணி, அதுல சர்க்கர. சிரிக்காதீங்க, நான் வீட்டுல எனக்குச் சமைச்சுக்கறத விட நல்லாத்தான் இருக்கும்.

மாடியில ஒரு அலறல் கேக்குதே, அது குழந்தைங்க. எடை கொறஞ்ச புள்ளைங்களக் கூட்டிட்டு வருவாங்க. என்ன குடுத்தா ஒடம்பு தேறும், ஒடம்பு தேறினா அறிவு எவ்ளோ தேறும்னு மேல ஆராய்ச்சி. சோறு பத்தாத புள்ளைங்க சிலதுக்கு வாயில வெள்ளையா பூஞ்சை அப்பிக்கும், அத வழிச்சுக் கீழ அனுப்புவாங்க. வெள்ளை நமக்கு, புள்ள அவங்களுக்கு. மேல கஞ்சிய ஊட்டினா மூஞ்சியிலயே துப்புதுங்க. டியூப்ல இருக்கற என் புள்ளைங்க ஒண்ணு கூட இதுவரைக்கும் துப்புனதில்ல. என்ன, பேசத்தான் பேசாது.

சரி, ஆறு மணிக் கதைக்கு வர்றேன். குளுருல இருந்தா இதுங்க தூங்கும், வெளியில இருந்தா முழிச்சுக்கும். ஆளக் கொல்ற சாமான முழிச்ச நெலமையில ராத்திரி பூரா போட்டு வைக்கக் கூடாதுன்னு இங்க சட்டம். பெரிய டாக்டரம்மா வந்தாங்க. வேற எடத்து ஃப்ரிட்ஜுல யாரோ ஒரு தட்டு எடம் குடுத்தாங்களாம், முக்கியமானத மட்டும் பொறுக்கி ஐஸ் பெட்டியில அனுப்பிட்டாங்க. மிச்சம் அதோ, அந்தக் கூடையில. ஆறு மணிக்குள்ள ஃப்ரிட்ஜ் ஓடினா உள்ள போகும். ஓடலன்னா மூலையில நிக்குதே ஒரு பெரிய குக்கர், அதுல வெச்சு அவிச்சுடணும். அந்தம்மாவத் தப்பு சொல்ல முடியாதுண்ணே, நல்லவங்க. இதே இனத்துல புதுசு புதுசா வருதே, இந்தப் பழச யாரு கேக்கறாங்கன்னு சொன்னாங்க. ஞாயந்தானே? யாரும் கேக்கல.

ஆங், ஃபிளாஸ்க்குல இருக்கறது அந்தப் பழசுல ஒண்ணுதான். கூடையிலதான் கெடந்தது, நான்தான் எடுத்து வெச்சேன். அவங்களுக்குத் தெரியாது. எதுக்கா? எதுக்குன்னா... லைட்ட இப்படிக் காட்டட்டுமா? தெரியுதா இப்ப?

அது வந்த நாள் நல்லா ஞாபகம் இருக்கு. இங்க பேரு கெடையாதுண்ணே, எல்லாம் நம்பர்தான். யாரு, எவரு, ஆம்பளையா பொம்பளையா, ஒண்ணும் தெரியாது. முதுகுத்தண்டுல ஊசி குத்தி எடுத்த மூளைத் தண்ணி, ஒரு நம்பர் ஒட்டி வந்தது. அதுல ஒரு சொட்டு, கருப்பு மை ஒரு சொட்டு, கண்ணாடியில விட்டு மைக்ராஸ்கோப்ல வெச்சேன். அடேங்கப்பா! இந்தப் பூஞ்சையச் சுத்தி வழவழன்னு ஒரு போர்வை இருக்கும், மை அதுக்குள்ள போகாது. கருப்பு வானத்துல நெலா நெலாவா நிக்குது, ஒண்ணொண்ணச் சுத்தியும் ஒளிவட்டம். புஸ்தகத்துல கூட அவ்ளோ தெளிவா போட்டதில்ல. நான் சும்மா இருப்பேனா? வாங்க வாங்க, என்னா அழகு பாருங்கன்னு எல்லாரையும் கூப்பிட்டேன். மாடியில கஞ்சி காய்ச்சற அம்மா வரைக்கும் எறங்கி வந்து பாத்துட்டுப் போச்சு. ஃபோட்டோ எடுத்தாங்க. இப்பவும் புதுசா வர்ற டாக்டருங்களுக்குப் பாடம் எடுக்கறப்ப அந்தப் படத்தத்தான் போடறாங்க.

எங்கேர்ந்து வரும்னா, புறா எச்சத்துல இருக்கும். காஞ்சு தூளாகி காத்துல வரும். நீங்களும் நானும் தெனம் மூச்சுல இழுத்துட்டுத்தான் இருக்கோம். மூக்கப் பொத்தாதீங்க, நமக்கெல்லாம் ஒண்ணும் பண்ணாது. எதிர்ப்பு கொறஞ்ச ஒடம்பாப் பாத்துத்தான் குடியேறும். அந்த நம்பருக்குச் சொந்தக்காரம்மா, ஆமா, பொம்பளதான், அப்புறம் தெரிஞ்சுது, மூட்டுவலிக்கு மாத்திர சாப்ட்டுட்டு இருந்தாங்க. வலியையும் கொறைக்கும், எதிர்ப்பையும் கொறைக்கும், அந்த மாதிரி மாத்திர. ஜன்னல்ல வர்ற புறாவுக்குத் தானியம் போடற பழக்கமும் உண்டு. புருசன் திட்டுவான், ஜன்னல நான்தானே தொடைக்கறேன்னு. அதனாலதான் வந்துதான்னு யாரு கண்டா? காத்து எல்லாருக்கும் பொதுதானே.

மொதல்ல தலைவலி. அப்புறம் வெளிச்சம் பட்டா கண்ணு கூசும். அப்புறம் மறதி. மூக்குக்கண்ணாடிய சர்க்கர டப்பாவுல போட்டு மூடிட்டு, வீடு பூரா தேடுவாங்க. கெடைச்சதும் ரெண்டு பேருமா சிரிப்பாங்க. இனிமே நீ என்னப் பாத்தா நான் இனிப்பாத்தான் தெரிவேன்னு அவன் கேலி பண்ணுவான். வயசாவுதுன்னு நெனச்சாங்க. வேற என்ன நெனைக்கறது?

ஆஸ்பத்திரியில மருந்து ஏத்துனாங்க. கடுமையான மருந்துண்ணே. ஏறும்போது குளுரு எடுத்து, கட்டிலே ஆடும். புருசன் கால அமுக்கிப் புடிச்சுட்டு ஒக்காந்திருப்பான். கடைசியில அவன் யாருன்னே அந்தம்மாவுக்குத் தெரியல. ஆனா மரியாதை மட்டும் போகல பாருங்க. யாரோ பாக்க வந்தவர்னு நெனச்சுக்கிட்டு, நேரமாச்சுங்களே, உங்க வீட்டுல தேட மாட்டாங்களான்னு கேக்கும். இவன் என்ன சொல்வான்? தேடினா தேடட்டும், இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்னு சொல்லுவான்.

பொழைக்கல.

எனக்கு எப்படி இவ்ளோ தெரியும்னா... என்ன, என்ன சொன்னீங்க? ரிலேங்கற சின்ன பார்ட்டு மட்டும்தான் போயிருக்கா? கம்ப்ரஸர் நல்லாயிருக்கா? உங்க பையில இருக்கா அது? போடுங்கண்ணே, போடுங்க, புண்ணியமாப் போகும். சுவிட்ச நான் போடறேன். போடட்டுமா?

ஆங்.

கொஞ்சம் பேசாம இருங்க. கேட்டுக்கறேன்.

அதே சத்தம். சரி. கூடைய நீங்க தொடாதீங்க, நான் கையுறை மாட்டிட்டு அடுக்கிக்கறேன். அந்த ஃபிளாஸ்க்க மட்டும் இப்படி நகத்தி விடுங்க. மெதுவா. மேல்தட்டுல எடது ஓரம், அதான் அதோட எடம்.

எங்க வீட்டுக்காரிதுண்ணே அது. ஊசி குத்தறப்ப அவ தங்கச்சிதான் கூட இருந்தா, எனக்கு ஏதோ டெஸ்ட்டுன்னுதான் தெரியும். சாயங்காலம் நான் ஆஸ்பத்திரிக்குப் போறேன், டாக்டர் கட்டிலாண்ட நின்னு ரிப்போர்ட்டுல இருந்த நம்பரப் படிக்கறாரு. காலையில நான் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுன நம்பர். அவளக் கொன்னது அதுதான், தெரியாம இல்ல. ஆனா அவ ஒடம்புலேர்ந்து வந்ததுல உசுரோட இருக்கறதும் அது ஒண்ணுதான்.

அட, நீங்க ஏன் ஒக்காந்துட்டீங்க? எழுந்திரிங்கண்ணே. நேரமாச்சு, உங்க வீட்டுல தேடுவாங்க. நானா? நீங்க போங்க, நான் இன்னும் கொஞ்சம் இருந்துட்டுப் போறேன்.