வெள்ளைப் பேசினில் கடலைக் காட்டிய பொலிக்சேனி அம்மையார்க்கு

ஸ்காலூலா மீன்வள நிலையத்தில் முப்பத்தோராண்டு அலுவலராகப் பணியாற்றி, இன்று பிப்ரவரி இருபத்தெட்டாம் நாள் மாலையோடு விடைபெறும் திருமதி பொலிக்சேனி விலாக்கு அவர்களுக்கு, நிலையத்தாரும் மீனவர் கூட்டுறவினரும் வாசித்தளிக்கும் பாராட்டு மடல்

கடல்வாயிலைக் காத்த காவலரே! காயலின் கரையெல்லாம் கால்சுவடு பதித்த கடமையின் வடிவே! கண்ணுக்கே தெரியாத குஞ்சுகளையும் கண்டு, எண்ணி, ஏட்டில் ஏற்றிய கூர்விழியாரே! எங்கள் வணக்கம்.

தலைமையகம் எங்களுக்கு ஒரு மாதிரி மடலை அனுப்பியிருந்தது. பெயரை மட்டும் நிரப்பி வாசித்தால் போதுமாம். அதில் முதல் வரி, 'புன்னகை மாறாப் பொன்முகத்தீரே' என்று இருந்தது. முப்பத்தோராண்டில் தாங்கள் சிரித்துப் பார்த்தது நான்கு முறை என்று படகோட்டி யெராசிமோஸ் சாதிக்கிறார். மூன்று என்கிறேன், இம்மடலை எழுதும் எழுத்தர் அர்ஜிரோ. எப்படியாயினும் அந்த வரியை அடித்துவிட்டோம். 'கழிமுக மேம்பாட்டுப் பணி குறித்து எதுவும் பேச வேண்டாம்' என்று அடியில் ஒரு குறிப்பும் இருந்தது. அதையும் அடித்துவிட்டோம். முன்வரிசையில் வீற்றிருக்கும் மாண்புமிகு துணை ஆளுநர் அவர்கள் பொறுத்தருள வேண்டும்; பொறுக்க முடியாவிட்டாலும் உட்கார்ந்திருக்க வேண்டும், ஏனென்றால் மடல் இன்னும் முடியவில்லை.

அம்மையீர்! தாங்கள் இங்கு வந்த ஆண்டில் இந்தக் கழிமுகத்தை மதித்தவர் எவருமில்லை. முழங்காலளவுத் தண்ணீர், சேறு, கடற்புல், கொசு. படகு தரைதட்டும் இடம் என்றுதான் எங்கள் ஆட்களே திட்டினார்கள். கடலில் பிறந்த மடவையும் கொடுவாயும் நகத்தளவு உடம்போடு இந்தப் புல்லுக்குள் ஒதுங்கித்தான் உயிர் பிழைக்கின்றன, பெரிய மீன் நுழைய முடியாத இந்த ஆழமின்மைதான் அவற்றுக்கு வீடு என்பதை, தாங்கள் சொற்பொழிவாற்றி விளக்கவில்லை. பழைய வெள்ளை எனாமல் பேசின் ஒன்றை எடுத்துக்கொண்டு அந்த முழங்காலளவுத் தண்ணீரில் இறங்கினீர்கள். முகந்தீர்கள். 'பாரு' என்றீர்கள். வெள்ளைத் தரையில் இரண்டிரண்டாகக் கரும்புள்ளிகள் ஓடின. அவை கண்கள். உடம்பு தண்ணீரின் நிறத்திலேயே இருந்தது.

அன்றுமுதல் அதுவே இந்நிலையத்தின் வழக்கமாயிற்று. பனிக்காலம் முடியும் வேளையில் தினமும் பேசினால் முகந்து பார்ப்பது. முதல் குஞ்சு தென்பட்டதும் கழிமுகத்துக்கு உட்புறமுள்ள காயலின் வாயை அடைத்திருக்கும் நாணல் தட்டிகள் நாற்பத்திரண்டையும் தூக்கிவிடுவது. நிலைய அலுவலர் பதிவேட்டில் கையெழுத்திடுவது. கையெழுத்து விழுந்த நாள்முதல் தட்டியை மறுபடி அடைக்கும் ஜூன் வரை கழிமுகத்தில் எந்த இயந்திரமும் இறங்கக் கூடாது. இந்த விதியை எழுதியதும் தாங்களே, அமைச்சகத்தின் கதவைத் தட்டித் தட்டி அதற்கு முத்திரை வாங்கியதும் தாங்களே!

எல்லாரும் தங்களைக் கொண்டாடினோம் என்று பொய் சொல்ல மாட்டோம். கூட்டுறவுத் தலைவர் ஸ்பீலியோஸ் அன்று கொசுவலைபோன்ற பொடிவலையால் குஞ்சுகளை அள்ளி, மாவில் புரட்டிப் பொரித்துத் தின்றுகொண்டிருந்தவர். அந்த வலையைத் தாங்கள் படகுத்துறையில் வைத்தே கத்தரித்தீர்கள்.

"ஏம்மா, எங்கப்பன் தின்னான், நான் தின்னக் கூடாதா? கடல்ல குஞ்சுக்கா பஞ்சம்?" என்று அவர் குதித்தார்.

"தாராளமா தின்னு ஸ்பீலியோ. ரெண்டு வருஷம் கழிச்சு அதே சட்டியில தண்ணிய மாவுல புரட்டிப் பொரிச்சுக்கோ. உப்பு மட்டும் கொஞ்சம் கொறைச்சுப் போடு" என்றீர்கள்.

பதினோரு மாதம் தங்களோடு பேசாதிருந்த அவரே இன்று இம்மடலின் கீழ் முதல் கையெழுத்திட்டிருக்கிறார். தாங்கள் போடும் காப்பியைத் தவிரத் தங்களிடம் குறைசொல்ல ஒன்றுமில்லை என்பது அவர் வாக்கு.

இனி, பேச வேண்டாம் என்று சொல்லப்பட்டதைப் பேசுகிறோம்.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஆகஸ்டு வெயிலில் ஒரு ஆய்வுக்குழு வந்தது. அரைநாள் இருந்தது. பெருமீன் பிடிக்கும் வலையைக் கழிமுகத்தில் விரித்தது. அந்தக் கண்ணிக்குள் கைவிரல் நுழையும்; குஞ்சு என்ன, குஞ்சின் குடும்பமே நுழைந்து மறுபுறம் போகும். வலையில் ஒன்றும் சிக்கவில்லை. 'இப்பகுதியில் மீனினம் ஏதுமில்லை. பயனற்ற சேற்று நிலம்' என்று அறிக்கை எழுதினார்கள். சல்லடையில் தண்ணீர் மொண்டுவிட்டுக் கிணறு வறண்டது என்று எழுதுவார்களா? எழுதினார்களே! அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு, கடற்புல்லைத் தோண்டியெறிந்து, ஆழப்படுத்தி, உல்லாசப் படகுகளுக்குத் துறை கட்ட அனுமதி பிறந்தது. எங்களுக்கு வயிறு எரிந்தது. இப்போதும் எரிகிறது.

சென்ற ஆண்டு ஈஸ்டர் கழிந்த வாரம், இதே மண்டபத்தில் கருத்துக்கேட்புக் கூட்டம். வந்தவர்களுக்கு முதலில் விருந்து வைத்தோம். அது எங்கள் பழக்கம். சுட்ட விலாங்கு, உப்பிட்டு உலர்த்தி மெழுகில் பொதிந்த மடவைச் சினை, எலுமிச்சை. விருந்து முடிந்ததும் தாங்கள் அந்த வெள்ளைப் பேசினை இரு கைகளாலும் ஏந்திவந்து துணை ஆளுநர் அவர்கள் முன் வைத்தீர்கள். காலையில் கழிமுகத்தில் முகந்த தண்ணீர். வாய் திறந்து விளக்குமுன், மாண்புமிகு அவர்கள் சட்டைக்கையை மடக்கினார். இரண்டு கைகளையும் உள்ளே விட்டார். எலுமிச்சைத் துண்டால் விரல்விரலாகத் தேய்த்துக் கழுவினார். கை துடைக்கத் துண்டு கேட்டார்.



"ஐயா, இப்ப நீங்க எலுமிச்சை போட்டுக் கழுவினது முந்நூத்துப் பதினொரு மீனு. காலையிலதான் எண்ணினேன்" என்றீர்கள்.

"மீனா? எங்கம்மா மீனு? வெறும் தண்ணிதானே இருந்துச்சு!"

"அதையேதான் உங்க அறிக்கையும் சொல்லுது."

அவர் சிரித்தார். கூட வந்தவர்களும், அவர் சிரித்ததால், சிரித்தார்கள். கூட்டக் குறிப்பில் அன்று என்ன பதிவானது தெரியுமா? 'சிற்றுண்டி வழங்கப்பட்டது.' அவ்வளவுதான்! முந்நூற்றுப் பதினொரு உயிரும், முப்பதாண்டு உழைப்பும் அந்த இரண்டு சொல்லுக்குள் அடங்கிப்போயின. தாங்கள் பேசினைக் கொண்டுபோய்ப் படகுத்துறையில் கவிழ்த்துவிட்டு வெகுநேரம் நின்றீர்கள். தங்கள் கண் கலங்கி நாங்கள் பார்த்தது அன்று ஒருநாள்தான்.

அதற்கான பரிசு விரைவில் வந்தது. ஓய்வுக்கு இரண்டாண்டு மீதமிருக்க, 'பணி நலன் கருதி' முன்கூட்டிய ஓய்வு. யாருடைய நலன் என்று ஆணையில் இல்லை. நாளைமுதல் இந்நிலையத்தில் அலுவலர் பதவியே கிடையாது. கையெழுத்திட ஆளிருக்காது. வரும் திங்களன்று தோண்டும் இயந்திரம் வருகிறது. குஞ்சுகள் வழக்கமாக மார்ச் நடுவில்தான் வரும் என்று நாள்காட்டியைப் பார்த்து, அதற்குமுன் தங்களை அனுப்பிவிட நாள் குறித்தார்கள். நல்ல கணக்கு! இந்த அனுமதி மே மாதத்தோடு காலாவதியாகிறது என்பதால் அவர்களுக்கு அத்தனை அவசரம்.

ஆனால் அம்மையீர், மீன் நாள்காட்டி பார்ப்பதில்லை! ஒன்பது நாளாகத் தெற்குக் காற்று வீசுகிறது. தண்ணீர் சூடேறியிருக்கிறது. 'கடைசி நாளாச்சே, வீட்டிலயே இருங்க, விழாவுக்கு வந்தா போதும்' என்று இன்று காலை யெராசிமோஸ் தங்களிடம் அத்தனை பரிவாகச் சொன்னாரே, அந்தப் பரிவில் தாங்கள் சந்தேகப்பட்டிருக்க வேண்டும். விடியலில் அவரும் ஸ்பீலியோஸும் கழிமுகத்தில் இறங்கினார்கள். பேசினால் முகந்தார்கள்.

"கண்ணு தெரியுதாடா?" என்று ஸ்பீலியோஸ் கேட்டாராம்.

"தெரியுதாவா? நம்மளையே மொறைக்குதுங்கண்ணே!"

உச்சிவேளைக்குள் நாற்பத்திரண்டு தட்டிகளையும் தூக்கிவிட்டோம். காயலின் வாய் திறந்திருக்கிறது. கூட்டங்கூட்டமாக உள்ளே போய்க்கொண்டிருக்கின்றன.

இங்கே மேசையில், பூங்கொத்துக்குப் பக்கத்தில், வெள்ளைத் துணியால் மூடியிருப்பது தங்கள் நினைவுப்பரிசு அன்று; அது தங்கள் பேசின். துணியை விலக்கிப் பாருங்கள். துணை ஆளுநர் அவர்களும் எழுந்துவந்து பார்க்கலாம். கை கழுவ வேண்டுமென்றால் வெளியே குழாய் இருக்கிறது.

அன்னையே! அஞ்சாமையின் அணிகலனே! இன்று கதிரவன் மறையும்வரை இந்நிலையத்தின் அலுவலர் தாங்களே. தங்களுக்குப் பொன்மோதிரம் வாங்கவில்லை, கைக்கடிகாரம் வாங்கவில்லை. பதிவேட்டின் இவ்வாண்டுப் பக்கத்தை இம்மடலின் கீழேயே ஒட்டியிருக்கிறோம். கண்ணாடிச் சட்டம் தயாராக இருக்கிறது. ஒரு படி அமைச்சகத்துக்குப் போக யெராசிமோஸின் மருமகன் வண்டியோடு வாசலில் நிற்கிறார். நூறாண்டு வாழ்க! நோயின்றி, நோக்கு மங்காமல், எங்களைத் திட்டுவதற்கு ஒருநாளும் சொல் குறையாமல் வாழ்க! ஆனால் வாழ்த்தை ஏற்குமுன், அருள்கூர்ந்து எண்ணிவிட்டுக் கையெழுத்திடுங்கள். இருட்ட இன்னும் அரைமணி நேரம்தான் இருக்கிறது.

தங்களை வழியனுப்ப மனமில்லாத,
ஸ்பீலியோஸ், கூட்டுறவுத் தலைவர்
யெராசிமோஸ், படகோட்டி
அர்ஜிரோ, எழுத்தர்
மற்றும் ஸ்காலூலா நிலையத்தார் அனைவரும்

(கீழே ஒட்டிய பதிவேட்டுப் பக்கத்தில், வேறு கையெழுத்தில்)

பிப்ரவரி 28, மாலை 5.40. பேசினில் பார்த்தேன். இரண்டு முறை எண்ணினேன். இருநூற்று எழுபத்தாறு. தட்டிகள் திறந்திருக்கின்றன. துணை ஆளுநர் உடனிருந்து பார்த்தார். கைகளைப் பின்னால் கட்டியிருந்தார்.
பொ. விலாக்கு, நிலைய அலுவலர்.