கற்பவர் எண் இரண்டு

ஆன்லைன் படிப்பில் எனக்குப் பிடித்ததே, வாத்தியார் பேசுவதை ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓட விடலாம் என்பதுதான். கோபித்துக்கொள்ளாதீர்கள், வித்யா மேடம். உங்கள் வீடியோக்களை ஒன்றேகால் மடங்குக்கு மேல் வைத்ததில்லை. ஆவடியில் ரயில் ஏறி சென்ட்ரலில் இறங்குவதற்குள் ஒரு வாரத்துப் பாடம் முடிந்துவிடும். கலந்துரையாடல் பக்கத்தில் வாரம் மூன்று பேருக்காவது பதில் போட வேண்டும் என்று விதி வைத்திருந்தீர்கள் அல்லவா? "அருமையான பகிர்வு, நன்றி" என்று எழுதி வைத்துக்கொண்டு எல்லோருக்கும் ஒட்டிவிடுவேன். ஒருவர், மாமனார் தவறிவிட்டார், இந்த வாரம் எழுத முடியவில்லை என்று போட்டிருந்தார். அவருக்கும் அதுவே போய்விட்டது. அவர் ஒன்றும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை, லைக் போட்டார்.

இப்படிப் படிப்பவன்தான் நான். ஆனால் நீங்கள் கற்றுத்தருகிற மாதிரி ஆன்லைன் பாடம் தயாரிக்க உட்கார்ந்தால் வேறு ஆள். நீங்களே மூன்றாம் வாரத்தில் "ஜெகன், உங்களுக்குக் கற்பவரின் மனசு புரிகிறது" என்று எழுதியிருந்தீர்கள். அதை அம்மாவிடம் காட்டினேன். அவள் சந்தோஷத்தில் அன்றைக்குக் கேசரி செய்தாள்.

நேற்று நீங்கள் அனுப்பிய மெயிலில் மூன்று கேள்விகள் இருந்தன. கற்பவர் எண் இரண்டு ஏன் ஒரே மாதிரித் தேர்வைப் பத்தொன்பது முறை எழுதினார்? ஏன் அவர் ஒருவருக்கு மட்டும் தனிக் கேள்விகள்? ஏன் அந்தக் கேள்விகள் ஜூன் எட்டாம் தேதி காலை பத்தே காலுக்கு அழிக்கப்பட்டன? விளக்கம் வந்த பிறகுதான் மதிப்பெண் என்று முடித்திருந்தீர்கள். நியாயம்தான். நான் அழித்த பிறகும் உங்கள் பக்கத்தில் எல்லாம் பதிவாகி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. அது எந்த வாரத்துப் பாடம் மேடம்? ரயிலில் தூங்கியிருப்பேன்.

கற்பவர் எண் இரண்டு என் அம்மா. பெயர் சரசா, வயது நாற்பத்தேழு. அப்பா ஆவடியில் மத்திய அரசுத் தொழிற்சாலையில் வேலையில் இருக்கும்போதே இறந்துபோனதால், கருணை அடிப்படையில் அம்மாவுக்கு அங்கேயே சாமான் கிடங்கில் உதவியாளர் வேலை கொடுத்தார்கள். பதினோரு வருஷமாகப் போகிறாள். குவார்ட்டர்ஸ் அவள் பேரில். கற்பவர் எண் ஒன்று ஜமீலா ஆன்ட்டி. பட்டாபிராமில் வீடு. அம்மாவும் அவரும் ஒரே கிடங்கு, ஒரே பெஞ்சு, ஒரே டிபன் பாக்ஸ்.

இந்த வருஷம் ஸ்டோர் கீப்பர் பதவிக்குத் துறைத் தேர்வு வந்தது. ஐம்பது கேள்வி, முப்பது எடுத்தால் பாஸ். வயது வரம்புப்படி அம்மாவுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. பதினோரு வருஷம் அடுத்தவர் சொன்ன பெட்டியை எடுத்துக் கொடுத்தவளுக்கு, தானே சாவியை வைத்துக்கொண்டு உட்கார வேண்டும் என்று ஆசை. எனக்கோ உங்கள் படிப்புக்காக ஒரு கோர்ஸ் தயாரிக்க வேண்டும், அதைப் படித்துப் பார்க்க உண்மையான கற்பவர்கள் தேவைப்பட்டார்கள். பழம் நழுவிப் பாலில் விழுந்தது.

முதலில் நான் செய்தது சுத்தமான கோர்ஸ். இதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். இருநூறு கேள்விகள், சின்னச் சின்ன வீடியோக்கள், தப்பு விடை தொட்டால் சரியான விடையும் அதற்குக் காரணமும் வரும். முதல் மாதிரித் தேர்வில் ஜமீலா ஆன்ட்டி முப்பத்திரண்டு எடுத்தார். அம்மா நாற்பத்தொன்று. அம்மா போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு ஹாலுக்கும் சமையலறைக்குமாக நடந்தாள்.

"டேய், நாப்பத்தொண்ணுடா. நான் பத்தாங்கிளாஸ்ல கூட இவ்ளோ வாங்கினதில்லடா."

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. மதியம் சாப்பிட்டுவிட்டுத் தேர்வு அறிவிப்பை முழுசாகப் படித்தேன். கடைசிப் பக்கத்தில் காலியிடங்கள் எங்கே என்று போட்டிருந்தது. எல்லாம் ஜபல்பூர். மூன்று வருஷம் அங்கே இருந்தாக வேண்டும். குவார்ட்டர்ஸைக் காலி செய்ய வேண்டும்.

அம்மாவுக்கு அது முன்பே தெரிந்திருக்கிறது. "மூணு வருஷம்தானேடா, நீயும் படிப்பை முடிச்சிட்டு ஒரு ரூம் எடுத்துக்கோ. உனக்கும் இருபத்திநாலு ஆச்சு" என்று துணி மடித்துக்கொண்டே சொன்னாள். அவள் முகத்தில் வருத்தமே இல்லை. எனக்குத்தான் பயமாக இருந்தது, மேடம். அதை மறைப்பதற்கு ஒன்றுமில்லை. காலையில் கண் விழித்தால் பாத்திரச் சத்தம் கேட்க வேண்டும் எனக்கு. அது இல்லாத ஒரு வீட்டை யோசித்துப் பார்த்தேன், முடியவில்லை.

ஆனால் நான் என்னை மட்டும் யோசிக்கிற ஆள் இல்லை. அம்மாவுக்கு ஹிந்தி வராது. முழங்கால் வலி உண்டு. ஜபல்பூர்க் குளிரில் என்ன செய்வாள்? ஜமீலா ஆன்ட்டி மாதிரி எங்கே போனாலும் நாலு பேரைப் பிடித்துக்கொள்கிற சாமர்த்தியம் அவளுக்குக் கிடையாது. இதையெல்லாம் சொல்லி அவளைத் தடுத்தால் மனசு நோகும். அவளே வேண்டாம் என்று நினைத்தால் நோகாது. நீங்கள்தானே சொன்னீர்கள், கற்பவர் தானாக முடிவுக்கு வரும்படி பாடத்தை அமைக்க வேண்டும் என்று.

அதனால் அன்று மாலையே அம்மாவின் எண்ணுக்கு மட்டும் தனிக் கேள்விகள் போட்டேன். கொஞ்சம் கடினமான கேள்விகள், கொஞ்சம் குறைவான நேரம். அது போதும் என்றுதான் நினைத்தேன். போதவில்லை. முப்பத்தாறு எடுத்தாள். பதினோரு வருஷ அனுபவம், சும்மாவா? ஆகவே பன்னிரண்டு கேள்விகளுக்கு விடையை மாற்றி வைத்தேன்.

உதாரணத்துக்கு ஒன்று. கிடங்கில் பழைய பெயின்ட் டின்னும் இருக்கிறது, புதிதாக வந்ததும் இருக்கிறது. எதை முதலில் கொடுக்க வேண்டும்? பழையதை. கிடங்கு வாட்ச்மேனுக்குக்கூடத் தெரியும். அம்மாவின் கோர்ஸில் மட்டும் புதியதை என்று வைத்தேன். பழைய டின் மறுபரிசோதனைக்குக் காத்திருக்க வேண்டும், அதுவரை புதியதைக் கொடுக்கலாம் என்று காரணமும் எழுதினேன். நாலு விடைகளில் தப்பானவற்றையும் நம்பும்படி எழுதுவது எப்படி என்று நான்காம் வாரத்தில் நீங்கள் நடத்திய பாடம் உண்மையிலேயே பிரமாதம். அந்த ஒன்றைத்தான் சாதாரண வேகத்தில் பார்த்தேன்.

அடுத்த தேர்வில் அம்மா இருபத்தெட்டு.

"என்னடா இது? நான் தெனமும் பண்ற வேலைடா."

"ரூல் மாறியிருக்கும்மா. நீங்க கிடங்குல பழக்கத்துல பண்றீங்க. எக்ஸாம்ல புஸ்தகத்துல இருக்கறதத்தான் கேப்பான்."

நான் எதிர்பார்த்தது, இரண்டு மூன்று தடவை ஃபெயிலானால் விட்டுவிடுவாள் என்று. அம்மாவைப் பற்றி எனக்கு அவ்வளவுதான் தெரிந்திருக்கிறது. அவள் ஒரு நோட்டு வாங்கினாள். தப்பான ஒவ்வொரு கேள்வியையும், கோர்ஸ் காட்டிய விடையையும், நான் எழுதிய காரணத்தையும் நீல மையில் எழுதி, கீழே சிவப்பில் கோடு போட்டாள். காலையில் இட்லி வேகும் நேரத்தில் மனப்பாடம் செய்தாள். பத்தொன்பது முறை எழுதினாள். அவள் மனப்பாடம் செய்ய மார்க் ஏறும் அல்லவா? ஏற ஏற நான் வேறு கேள்விகளை மாற்றி வைத்தேன். அது பெரிய வேலை. என் கோர்ஸில் யாருமே பாதியில் விட்டுப் போகவில்லை என்று பாராட்டியிருந்தீர்கள். அதன் பின்னால் இத்தனை உழைப்பு இருக்கிறது.

நடுவில் ஒரு சனிக்கிழமை ஜமீலா ஆன்ட்டி வீட்டுக்கு வந்தார். கையில் போன்.

"இன்னா நைனா, உங்கம்மாவுக்கு வேற மாதிரி காட்டுது, எனுக்கு வேற மாதிரி காட்டுது? பெயின்ட்டு பழ்சுதானே மொதல்ல போவணும்? நேத்து உங்கம்மா டின்னு முன்னாடி நின்னுகினு எத எட்றதுன்னு முழிச்சுகினு கீறா. நான்தான் எட்துக் குட்த்தேன்."

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அம்மா குறுக்கே வந்தாள். "ஜமீலா, நீ சரியா படிக்கல. அவன் எல்லாத்துக்கும் காரணம் எழுதியிருக்கான். நோட்டுல வெச்சிருக்கேன், வேணா பாத்து எழுதிக்கோ."

ஜமீலா ஆன்ட்டி என்னைப் பார்த்தார். நான் ஒவ்வொருவருக்கும் கேள்வி மாறி மாறி வரும் என்று சொன்னேன். அது பொய் இல்லை. அவர் நோட்டைப் பார்க்காமலே டீ குடித்துவிட்டுப் போனார். அதுவும் நல்லதாகப் போயிற்று. இல்லாவிட்டால் அவரும் கெட்டிருப்பார்.

ஜூன் எட்டாம் தேதி தேர்வு. அம்பத்தூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டர். நான்தான் அழைத்துப் போனேன். தனியாக விட மனசு வரவில்லை. ஆவடி ஸ்டேஷனில் ரயிலுக்கு நிற்கும்போது அம்மா நோட்டைப் பிரித்தாள். ஒரே பக்கத்தைத் திரும்பத் திரும்பப் பார்த்தாள். பச்சைப் புடவை, நெற்றியில் விபூதி, ஸ்கூலுக்கு முதல் நாள் போகிற பிள்ளை மாதிரி இருந்தாள்.

"ஜெகா, ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். இந்த பெயின்ட்டு, அப்புறம் வண்டியில சாமான் கொறஞ்சி வந்தா கையெழுத்து போடலாமா கூடாதாங்கறது. எனக்கு மனசுக்குள்ள இது தப்புன்னே படுது. கடைசியா ஒரு தடவ சொல்லு. எது சரி?"

நீங்கள் கேட்ட மூன்று கேள்விகளைவிட இந்த ஒன்றுதான் முக்கியம் என்று எனக்குத் தெரியும். மறைக்கவில்லை. ரயில் வர நாலு நிமிஷம் இருந்தது. நாலு நிமிஷத்தில் நான் மாற்றிய எல்லா விடையையும் திருத்திச் சொல்லியிருக்கலாம். அவளுக்குத்தான் எல்லாம் ஏற்கெனவே தெரியுமே. "ஆமாம்மா, உங்க மனசு சொல்றதுதான் சரி" என்று ஒரு வார்த்தை போதும்.

"கோர்ஸ்ல இருக்கறதுதான்மா" என்றேன்.

"சரிடா" என்று நோட்டை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அதைத் திறக்கவே இல்லை. பாருங்கள், தேர்வு நேரத்தில் அவளுக்கு ஒரு தைரியம் தேவைப்பட்டது, அது என்னால் கிடைத்தது.

பத்து மணிக்கு உள்ளே போனாள். நான் எதிரில் ஒரு டீக்கடையில் உட்கார்ந்து, பத்தே காலுக்கு அந்தத் தனிக் கேள்விகளை அழித்துவிட்டு, அவளையும் ஜமீலா ஆன்ட்டியின் கேள்விகளிலேயே சேர்த்தேன். வேலை முடிந்ததும் இடத்தைச் சுத்தம் செய்வது என் பழக்கம்.

அம்மா இருபத்தேழு. ஜமீலா ஆன்ட்டி முப்பத்துநாலு. சரியான விடைகளை வெளியிட்டபோது அம்மா ஒவ்வொன்றாக ஒப்பிட்டுப் பார்த்தாள். நான் மாற்றியதில் ஐந்து கேள்விகள் அப்படியே வந்திருந்தன.

"பெயின்ட்டு கேள்விக்கு மொதல்ல சரியாத்தான்டா தொட்டேன். அப்புறம் நீ சொன்னது ஞாபகம் வந்து மாத்திட்டேன்" என்றாள். பிறகு போனை எடுத்து என் கோர்ஸைத் திறந்தாள். தேடிப் பிடித்தாள். அங்கே பழைய டின் என்றே இருந்தது. அடுத்ததைப் பார்த்தாள். அதுவும் சரியாக இருந்தது. நோட்டைப் பார்த்தாள், போனைப் பார்த்தாள்.

"நீ சரியாத்தான்டா வெச்சிருக்கே. நான்தான் தப்புத் தப்பா பாத்து எழுதியிருக்கேன். பத்தொம்போது தடவையும் தப்பாவே படிச்சிருக்கேன் பாரு." கொஞ்சம் சிரித்தாள். "எனக்கு மறதி கிறதி ஏதாவது வந்துடுச்சாடா?"

"வயசாகுது இல்லம்மா" என்றேன். என் குரல் மிருதுவாக இருந்தது என்று எனக்கே தெரிந்தது. அவள் தலையை ஆட்டினாள்.

ஜமீலா ஆன்ட்டி போன மாதம் ஜபல்பூர் போய்விட்டார். போவதற்கு முன்னால் அம்மாவுக்கு ஒரு ஸ்வெட்டர் வாங்கிக்கொடுத்து, லீவில் வந்து பார் என்றார். என்னிடம் மட்டும் சரியாகப் பேசவில்லை. அம்மா இப்போது கிடங்கில் எதை எடுத்தாலும் பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு தடவை கேட்டுக்கொள்கிறாள். கேஸை அணைத்தோமா என்று பஸ் ஸ்டாப்பிலிருந்து திரும்பி வந்து பார்க்கிறாள். மற்றபடி வீடு கலகலப்பாக இருக்கிறது. காலையில் பாத்திரச் சத்தம் கேட்கிறது. நானும் அவளும் முன்பைவிடச் சிரித்துப் பேசுகிறோம். ஆக, உங்கள் மெயிலுக்கு என் பதில்: ஆமாம், எல்லாம் நான்தான் செய்தேன். தெரிந்தேதான் செய்தேன். மதிப்பெண்ணில் வேண்டுமானால் கை வையுங்கள். அம்மாவிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள் மேடம், அவள் மனசு தாங்காது. அவளுக்கு எது தாங்கும் எது தாங்காது என்று பார்த்துப் பார்த்துச் செய்கிறவன் நான் ஒருவன்தான்.

அடுத்த செமஸ்டருக்கு என்ன திட்டம் என்றும் மெயிலோடு அனுப்பிய படிவத்தில் கேட்டிருக்கிறீர்கள். ஞாபக சக்தியை வளர்க்கும் பயிற்சி ஒன்று தயாரிக்கப் போகிறேன். அம்மாவே கேட்டாள், "எனக்காக ஒண்ணு பண்ணிக் குடுடா" என்று. தினமும் இருபது கேள்வி. பாவம், அவள் ரொம்பவே தளர்ந்துபோயிருக்கிறாள், அதனால் முதல் வாரம் அவளைப் பாஸாக விடலாம் என்று இருக்கிறேன்.